கேட்க மட்டுமே தெரிந்த செயற்கைக்கோள்கள்: ரேடியோ குறுக்கீடும் அதைத் தடுக்கும் விதிகளும்

மண்ணின் ஈரம், கடலின் சூடு, காற்றில் உள்ள நீராவி ஆகியவற்றை வானிலிருந்து அளக்கும் செயற்கைக்கோள்களுக்கு 5ஜி கோபுரங்களாலும் ரேடார்களாலும் இடைஞ்சல் வருகிறது என்று அவ்வப்போது செய்தி வரும். வரும்போதெல்லாம் எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைத் திரட்டிப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரே பத்தி.

செயற்கைக்கோள் படம் எடுக்கிறது. இதில் ரேடியோ எங்கிருந்து வந்தது?

படம் எடுப்பவை ஒரு வகை. மேகம் மூடினால் அவற்றுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. நுண்ணலையில் வேலை செய்யும் கருவிகளுக்கு மேகமும் இரவும் பெரிய தடையில்லை. சூடு என்று ஏதாவது இருக்கிற எந்தப் பொருளும், மண்ணோ கடலோ பனியோ காற்றோ, ஓயாமல் மெல்லிய ரேடியோ அலைகளை விட்டுக்கொண்டே இருக்கும். அதை மேலிருந்து கேட்டு, "இவ்வளவு அலை வந்தால் இவ்வளவு ஈரம்" என்று கணக்கிடும் கருவிக்கு ரேடியோமீட்டர் என்று பெயர். அது எதையும் அனுப்பாது, கேட்கும், அவ்வளவுதான்.

இன்னொரு வகை, தானே அலையை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் ரேடார். இரண்டுக்கும் குறுக்கீடு உண்டு. ஆனால் இங்கே பெரும்பாலும் முதல் வகையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதன் நிலைமைதான் பரிதாபம்.

எவ்வளவு மெல்லிய அலை?

கணக்குப் போட்டே பார்க்கலாம். மண் ஈரத்தை அளக்கும் கருவிகள் 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் கேட்கின்றன. அகலம் 27 மெகாஹெர்ட்ஸ். 300 கெல்வின், அதாவது 27 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடான ஒரு பரப்பிலிருந்து அந்தப் பட்டைக்குள் கருவிக்கு வந்து சேரும் திறன், ஒரு வாட்டில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதிலும் கருவி பார்க்க வேண்டியது அந்தத் திறனை அல்ல, அதில் ஏற்படும் சின்ன ஏற்ற இறக்கத்தை. ஒரு கெல்வின் மாற்றம் என்றால் அதிலும் முந்நூற்றில் ஒரு பங்கு.

இந்தப் பட்டையில் வெளியார் சத்தம் எவ்வளவு வரை பொறுக்கலாம் என்று சர்வதேசப் பரிந்துரை ஒன்று இருக்கிறது: 27 மெகாஹெர்ட்ஸுக்குள் மைனஸ் 174 டெசிபெல் வாட். (ஒரு வாட்டோடு ஒப்பிட்டுத் திறனைச் சொல்லும் அளவு இது; எண் பத்து இறங்கினால் திறன் பத்தில் ஒன்றாகும்.) வெப்பநிலைக் கணக்கில் இது ஒரு கெல்வினில் நூறில் ஒரு பங்கு. சாதாரணக் கைபேசி ஒன்று பேசும்போது 0.2 வாட் வரை அனுப்பும். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே சிக்கல் புரிந்துவிடும்.

வேறு அலைவரிசைக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதானே?

தொலைபேசி நிறுவனம் மாறலாம். நீராவி மாறாது. நீர் மூலக்கூறு தன் இயல்பால் 22.235 கிகாஹெர்ட்ஸில் அலையை விழுங்கி உமிழ்கிறது. அந்த உச்சியின் தோளில், 23.8 கிகாஹெர்ட்ஸில் வைத்துத்தான் காற்றில் எவ்வளவு நீராவி என்று அளக்கிறார்கள். ஆக்சிஜனுக்கு 50 முதல் 60 கிகாஹெர்ட்ஸ் வரை இப்படிப்பட்ட உச்சிகள் ஒரு கொத்தாக உண்டு. அதை வைத்து வளிமண்டலத்தின் வெப்பநிலையை உயரம் உயரமாகப் பிரித்தறிகிறார்கள். 183.31 கிகாஹெர்ட்ஸில் நீராவிக்கு இன்னொரு உச்சி.

மண் ஈரத்துக்கு 1.4 கிகாஹெர்ட்ஸ் ஏன் என்றால், தண்ணீரின் மின்கடத்தாப் பண்பெண் 80-க்கு அருகில், காய்ந்த மண்ணுக்கு மூன்று நான்குதான். இந்த அலைவரிசையில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பயிரும் புல்லும் அதிகம் மறைக்காது, மேல் மண்ணின் சில சென்டிமீட்டர் வரை எட்டிப் பார்க்கலாம். அலைவரிசை ஏற ஏற இலைதழையே மண்ணை மறைக்கத் தொடங்கிவிடும்.

குறுக்கீடு வந்தால் கருவிக்குத் தெரிந்துவிடாதா?

பலமாக வந்தால் தெரிந்துவிடும். நிலம் 500 கெல்வின் காட்டினால் அது இயற்கை இல்லை என்று யாருக்கும் புரியும், அந்த அளவைத் தூக்கிப் போட்டுவிடலாம். அந்த இடத்தில் தகவல் இல்லாமல் போகும், ஆனால் தப்பான தகவல் நுழையாது.

மெலிதாக வருவதுதான் வினை. மழை பெய்து முடிந்த ஒரு வயல்வெளியை எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியோமீட்டரின் கண்ணில் ஈர நிலம் குளிர்ச்சியாகவும் காய்ந்த நிலம் சூடாகவும் தெரியும். நூறு பங்கு மண்ணில் ஒரு பங்கு தண்ணீர் கூடினாலோ குறைந்தாலோ அளவு மாறுவது ஓரிரு கெல்வின்தான். இப்போது அருகில் எங்கோ ஒரு ரேடார் கசிந்து, நான்கைந்து கெல்வினைக் கூட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அளவு இயற்கையாகவே தெரியும், எந்தச் சோதனையிலும் சிக்காது. வரைபடத்தில் மட்டும் நனைந்த வயல் சற்றுக் காய்ந்ததாகப் பதிவாகும். அதே எண் வறட்சிக் கணிப்புக்கும் வெள்ளக் கணிப்புக்கும் போகும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பட்டையே நாசமாகிவிட்டது என்ற செய்தியை விட இந்த மெலிந்த கசிவுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. விதிமுறைகளில் ஒவ்வொரு டெசிபெலுக்கும் ஏன் இவ்வளவு சண்டை என்பதற்கும் காரணம் இதுதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

உலகுக்கெல்லாம் பொதுவான சட்டம் என்றால் அது ரேடியோ ஒழுங்குவிதிகள். ஜெனிவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பராமரிக்கும் சர்வதேச ஒப்பந்தம் அது. ஒன்றியம் 1865-இல் தந்திக்காகத் தொடங்கியது, இன்று ஐ.நா.வின் சிறப்பு அமைப்பு. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக ரேடியோ தொடர்பு மாநாடு கூடி இந்த விதிகளைத் திருத்தும்.

அதில் தொலையுணர்வுக்காரர்கள், அதாவது இப்படி வானிலிருந்து பூமியை அளப்பவர்கள், மனப்பாடமாக வைத்திருக்கும் அடிக்குறிப்பு ஒன்று உண்டு, எண் 5.340. குறிப்பிட்ட சில பட்டைகளில் எல்லா உமிழ்வும் தடை என்கிறது அது. 1400–1427 மெகாஹெர்ட்ஸ், 10.68–10.7, 23.6–24, 31.3–31.5, 50.2–50.4, 52.6–54.25, 86–92 கிகாஹெர்ட்ஸ் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவற்றில் சில. ரேடியோ வானியலாளர்களும் இதே நிழலில்தான் ஒதுங்கியிருக்கிறார்கள்.

எல்லாப் பட்டைக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. 18.6–18.8, 36–37 கிகாஹெர்ட்ஸ் போன்றவற்றைக் கேட்பவர்களும் அனுப்புபவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பகிர்வு என்பது கேட்க நல்ல வார்த்தைதான். ஆனால் ஒருவர் பேசும்போது இன்னொருவர் மௌனத்தைப் பகிர்ந்துகொள்வது எப்படி?

எல்லாமே தடை என்று எழுதியாயிற்றே, அப்புறம் எப்படிக் குறுக்கீடு வருகிறது?

முதல் காரணம் பக்கத்து வீட்டுக் கசிவு. எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் பட்டையின் விளிம்பில் கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிடாது. சக்தி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அடுத்த பட்டைக்குள்ளும் வழியும். வடிகட்டி போட்டால் குறையும், பூஜ்யமாகாது.

இரண்டாவது மடங்கலைகள், அதாவது அனுப்பும் அலைவரிசையின் இரு மடங்கு, மும்மடங்கு போன்ற இடங்களில் தோன்றும் வேண்டாத அலைகள். 700 முதல் 713.5 மெகாஹெர்ட்ஸ் வரை அனுப்பும் கருவியில் உண்டாகும் இரண்டாம் மடங்கு நேராக 1400–1427-க்குள் போய் விழும். 11.8 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரை என்றால் 23.6–24. கருவியின் சொந்த அலைவரிசை எங்கோ இருக்கும், குப்பை மட்டும் இங்கே வந்து விழும்.

மூன்றாவது பழுதான கருவிகளும், உரிமமில்லாமல் ஓடுபவையும். இவற்றுக்குப் புது விதி தேவையில்லை. இருக்கிற விதியைக் கையில் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போக ஆள் தேவை.

கசிவைப் பூஜ்யமாக்க முடியாது என்பதால், எவ்வளவு கசியலாம் என்று எண்ணில் எழுத வேண்டியிருந்தது. 2007 மாநாட்டில் வந்த தீர்மானம் 750 அந்த வேலையைச் செய்கிறது. அதிலுள்ள வரம்புகளில் சில கட்டாயம், சில வெறும் பரிந்துரை. 1400 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்கும் ரேடார்களுக்கான வரம்பு பரிந்துரை வகை. அந்த ரேடார்களில் பல ராணுவத்துடையவை என்பதை நினைத்தால் காரணம் ஊகிக்கக்கூடியதே.

5ஜி விவகாரம் என்று பேசப்பட்டதே, அது என்ன?

இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்ட சண்டை அதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

5ஜி-க்கு ஒதுக்க நினைத்த பட்டை 24.25 கிகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. நீராவியைக் கேட்கும் பட்டை 24-இல் முடிகிறது. நடுவில் இருப்பது 250 மெகாஹெர்ட்ஸ் சந்து. 5ஜி நிலையங்களிலிருந்து எவ்வளவு கசிவை அனுமதிக்கலாம் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி. 2019 மார்ச்சில் இந்தப் பட்டையை ஏலம் விடத் தொடங்கியது. 200 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அது வைத்திருந்த கசிவு வரம்பு, 200 மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 20 டெசிபெல் வாட். வானிலைத் துறையினர் கொதித்துப்போனார்கள். அப்போது அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் பொறுப்புத் தலைவராக இருந்த நீல் ஜேக்கப்ஸ், 2019 மே மாதம் நாடாளுமன்றக் குழுவின் முன் பேசியபோது, இப்படியே விட்டால் நுண்ணலைக் கருவிகளின் தரவில் 77 சதவீதம் வரை இழக்கலாம், முன்கணிப்பின் துல்லியம் 30 சதவீதம் வரை குறையலாம் என்றார். கைபேசித் துறை அந்தக் கணக்கை ஏற்கவில்லை, ஆய்வில் எடுத்துக்கொண்ட அனுமானங்கள் பழையவை என்றது.

அந்த ஆண்டு இறுதியில் எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக்கில் மாநாடு கூடியது. முடிவு இரண்டு கட்டமாக வந்தது. முதலில் கோபுரங்களுக்கு மைனஸ் 33, கைபேசிகளுக்கு மைனஸ் 29. 2027 செப்டம்பர் 1-க்குப் பிறகு பயன்பாட்டுக்கு வருபவற்றுக்கு மைனஸ் 39, மைனஸ் 35. ஆறு டெசிபெல் வித்தியாசம் என்றால் கசிவு நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டும் என்று பொருள். மைனஸ் 20-க்கும் மைனஸ் 39-க்கும் இடையே ஏறக்குறைய எண்பது மடங்கு.

உலக வானிலை அமைப்பு இதில் திருப்தி அடையவில்லை. அவர்கள் கேட்டது இதைவிடப் பல மடங்கு கடுமையான வரம்பு. முதல் கட்டத்தில் நிறுவிய கோபுரங்களை 2027-க்குப் பிறகு யாரும் கழற்றப்போவதில்லை என்பது அவர்கள் கவலை. என் கணிப்பில் இது இரு தரப்பும் முகம் சுளித்தபடி கையெழுத்துப் போட்ட நடுவழி. எஃப்.சி.சி.யும் பிறகு 2024-இல் தன் உள்நாட்டு விதியை மாநாட்டின் வரம்புகளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது.

ஒரு கோபுரம் கசிந்தால் என்ன குடி முழுகிவிடும்?

ஒன்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் 23.8 கிகாஹெர்ட்ஸில் கேட்கும் கருவி ஒன்று ஒரே பார்வையில் பார்ப்பது சுமார் 48 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டம், அதாவது ஏறக்குறைய 1,800 சதுர கிலோமீட்டர். ஒரு பெருநகரம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். நகரத்தின் எல்லாக் கோபுரங்களும் சேர்ந்து ஒரே எண்ணாகத்தான் மேலே போகும்.

பாதுகாப்பே இல்லாத அலைவரிசை உண்டா?

உண்டு. கடலின் மேற்பரப்பு வெப்பநிலைக்கு அருமையான இடம் 6.9 கிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். அங்கே கேட்கும் கருவிகளுக்கு விதிப்புத்தகத்தில் இருப்பது "கவனத்தில் கொள்ளவும்" என்ற அளவிலான அடிக்குறிப்புத்தான். 2002-இல் அக்வா செயற்கைக்கோளில் போன ஜப்பானியக் கருவி, அமெரிக்க நிலப்பரப்பின் மேல் பறந்தபோது 6.9-இல் கடுமையான குறுக்கீட்டைச் சந்தித்தது. அதன் முக்கிய இலக்குகளில் ஒன்றான மண் ஈரத்தை, நினைத்திருந்த அந்த அலைவரிசையை விட்டு 10.7 பக்கம் ஒதுங்கி அளக்க வேண்டியதாயிற்று. 2012-இல் அடுத்த கருவியை அனுப்பியபோது 7.3 கிகாஹெர்ட்ஸில் கூடுதலாக ஒரு காதை வைத்தார்கள். இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று ஒப்பிட்டால் பொய் அகப்படும். நல்ல யுக்திதான். ஆனால் வாடகைக்கு இருப்பவர் இரண்டு பூட்டு போட்டுக்கொள்வது போல.

ரேடார் செயற்கைக்கோள்களுக்கு என்ன பிரச்சினை?

அவை தாமே அனுப்புவதால் சற்றுப் பலசாலிகள். ஆனாலும் 5.4 கிகாஹெர்ட்ஸ் அருகே இயங்கும் சென்டினல்-1 படங்களில், தரையிலுள்ள ரேடார்கள் பளீரென்ற கோடுகளாகப் படத்தையே குறுக்காகக் கிழித்திருப்பதைப் பார்க்கலாம். வைஃபைக்கும் இதே அக்கம்பக்கத்தில் கண் உண்டு. 5350–5470 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிடக் கேட்டார்கள், 2019 மாநாடு திறக்கவில்லை. கோடிக்கணக்கான வீட்டு ரவுட்டர்களைப் பிறகு திரும்ப வாங்க முடியாது என்பது அந்த மறுப்பின் பின்னால் இருந்த எளிய உண்மை.

மென்பொருளால் குறுக்கீட்டைக் கழித்துவிட முடியாதா?

ஓரளவு முடியும். 2015 ஜனவரியில் ஏவிய, மண் ஈரத்தை அளக்கும் நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோள் இதற்காகவே தயாராகப் போனது. பட்டையைப் பதினாறு துண்டாகப் பிரித்துக் கேட்கிறது. ஒரு துண்டில் மட்டும் சத்தம் என்றால் அதை மட்டும் வெட்டிவிடலாம். அதோடு ஒரு புள்ளியியல் தந்திரமும் உண்டு. இயற்கையின் இரைச்சல் மணி வடிவப் பரவலைப் பின்பற்றும். பரவலின் வடிவத்தைச் சொல்லும் அதன் தட்டை அளவு எண் (கர்டோசிஸ்) எப்போதும் 3. தொடர்ந்து ஒரே சீராக வரும் அலை கலந்தால் அந்த எண் 3-க்குக் கீழே இறங்கும். அரிதாக விட்டுவிட்டு வரும் ரேடார் துடிப்பு கலந்தால் மேலே ஏறும்.

அழகான வழி, ஆனால் ஓட்டை இருக்கிறது. சரியாகப் பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணையும் துடிப்பு வந்தால், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டி எண் மறுபடி 3-இல் வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் ஒரே சோதனையை நம்பாமல் நாலைந்தைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். 24 கிகாஹெர்ட்ஸில் அகலமாகப் பரவி மெலிதாக வரும் 5ஜி கசிவு, இயற்கை இரைச்சலைப் போலவே இருக்கும். அங்கே இந்தத் தந்திரமும் பெரிதாகக் கைகொடுக்காது. கழிப்பதை நம்பிக் கசிவை அனுமதிக்கலாம் என்ற வாதம் அங்கே நொண்டுகிறது.

குறுக்கீட்டைக் கண்டுபிடித்த பிறகு யாரிடம் புகார் செய்வது?

செயற்கைக்கோளை இயக்கும் அமைப்பு, குறுக்கீடு எழும் நாட்டின் அலைக்கற்றை நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். பெரும்பாலும் தன் நாட்டு நிர்வாகத்தின் வழியாக. எழுதுவதற்கு முன் இடத்தைக் காட்ட வேண்டும்.

மண் ஈரத்தை அளக்கும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஸ்மோஸ் செயற்கைக்கோள் 2009 நவம்பரில் பறந்ததும், தடை செய்யப்பட்ட அதே 1400–1427 பட்டையில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் மேற்காசியாவிலும் சத்தம் நிறைந்திருந்தது. மூன்று கைகளில் 69 சிறு ஆன்டெனாக்களைப் பரப்பிய கருவி அது. ஒரு பார்வைப் புள்ளியே பல பத்துக் கிலோமீட்டர் அகலம். ஆனால் ஒரே மூலத்தைப் பல முறை, பல கோணத்தில் பார்த்துச் சராசரி எடுத்தால், சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் அதைச் சுட்டிக்காட்டிவிடலாம். மீதியை ஆன்டெனா பொருத்திய வண்டியில் போய்த்தான் தேட வேண்டும். கடிதம் போன இடங்களில் பல மூலங்கள் அணைந்தன. கனடா 2011-இல் தன் பழைய ரேடார்களைப் புதுப்பிக்கத் தொடங்கியதும், வட அட்லாண்டிக்கின் மேல் தெரிந்த கறை நன்றாகவே குறைந்தது.

ஜப்பானில் கிடைத்த மூலம் வேறு ரகம். வீடுகளில் செயற்கைக்கோள் டிவிக்காகப் போட்ட கம்பிகளும் பூஸ்டர்களும்தான் அது. கூரைத் தட்டிலிருந்து டிவிக்கு வரும் இடைநிலை அலைவரிசை 1400 மெகாஹெர்ட்ஸ் வழியாகவும் போகிறது. மூடாக்கு சரியில்லாத இணைப்புகளிலிருந்து அது கசிந்தது. குற்றவாளி என்று கைகாட்ட ஒரு கோபுரம் இல்லை, ஆயிரக்கணக்கான கூரைகள்.

தொலைத்தொடர்பு ஒன்றியம் தண்டிக்குமா?

தண்டிக்காது. அதனிடம் போலீஸ் இல்லை, அபராதமும் இல்லை. தகவல் சொல்லும், மத்தியஸ்தம் செய்யும். கதவைத் தட்டி அணைக்கச் சொல்லும் அதிகாரம் அந்தந்த நாட்டுக்குத்தான். ஒத்துழைக்காத நாடு ஒத்துழைக்கவில்லை என்றால் வரைபடத்தில் அந்த இடம் கறையாகவே இருக்கும்.

வானிலைத் துறைகளே ஏலத்தில் எடுத்துவிடலாமே?

யாரிடமிருந்து? செயற்கைக்கோள் எல்லா நாட்டின் மேலும் பறக்கிறது. ஒரு நாட்டில் பணம் கட்டி மௌனத்தை வாங்கினால் பக்கத்து நாட்டில் மறுபடி வாங்க வேண்டும். முன்கணிப்பால் கிடைக்கும் லாபமோ எல்லோருக்கும் போகிறது, பில் மட்டும் ஒருவர் பெயரில் வரும்.

தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் யாருக்கும் இடைஞ்சல் கொடுப்பதில்லையா?

கொடுக்கின்றன. 2006-இல் போன கிளவுட்சாட் 2023 வரை 94 கிகாஹெர்ட்ஸில் மேகத்தை நோக்கி ரேடார் அடித்தது, 2024-இல் போன எர்த்கேர் அதையே செய்கிறது. நேர் மேலே பார்த்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியின் கற்றைக்குள் அந்த ரேடார் விழுந்தால் அதன் ரிசீவரே கெட்டுப்போகலாம். அதனால் செயற்கைக்கோள் எப்போது தலைக்கு மேல் வரும் என்று வானியலாளர்கள் நேரம் பார்த்துத் தொலைநோக்கியைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்து என்ன வருகிறது?

2027 மாநாடு, ஷாங்காயில். 76 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள பட்டைகளுக்கும் கசிவு வரம்பு வைப்பது பற்றி ஒரு விவாதப்பொருள் இருக்கிறது. இன்னொன்று எனக்குச் சுவாரசியமானது: 6.9-இல் நெரிசல் கூடிவருவதால், கடல் வெப்பநிலையை அளக்க 4.2–4.4 கிகாஹெர்ட்ஸிலும் 8.4–8.5-இலும் புதிதாக இடம் கேட்கிறார்கள். 4.2–4.4-இல் ஏற்கெனவே குடியிருப்பது விமானங்களின் ரேடியோ உயரமானி. தரையிறங்கும் விமானம் ஒவ்வொன்றும் அந்தப் பட்டையில் தரையை நோக்கி அலை அனுப்பிக்கொண்டேதான் இறங்குகிறது. நடுக்கடலில் அந்தத் தொல்லை குறைவாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த இடத்தைக் கேட்கிறார்கள்.